பைக்கில் எல்.இ.டி. விளக்கு துடிக்கிறதா? அடுத்த பல்பை வாங்கும் முன் செய்ய வேண்டியவை

பைக்கில் எல்.இ.டி. பல்பு போட்டவுடனோ சில வாரங்கள் கழித்தோ விளக்கு துடிக்கத் தொடங்கினால், யாரிடம் கேட்டாலும் வரும் முதல் பதில் “பல்பை மாற்றுங்கள்” என்பதுதான். மாற்றினால் புதியதும் துடிக்கும். பிறகு விலை கூடிய பல்பு, அதற்குப் பிறகு புது ஃபிளாஷர் (இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பாகம்), புது பேட்டரி என்று பட்டியல் நீளும். என் வண்டியிலும் இதே வரிசையில்தான் ஆலோசனைகள் வந்தன. கடைசியில் குற்றவாளி, கைப்பிடி திரும்பும் இடத்தில் உறைக்குள்ளேயே அறுந்துகிடந்த ஒரு ஒயர். அதற்கு ஆன செலவு ஒரு முழம் ஒயர்.

துடிப்பு பெரும்பாலும் பல்பின் நோயல்ல. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிவதற்கு முன் எதையும் வாங்காதீர்கள்.

பழைய பல்பில் இல்லாத துடிப்பு புதியதில் மட்டும் ஏன் என்ற கேள்வி நியாயமானது. ஹாலஜன் பல்பின் இழை, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சூடாகவே இருக்கும் இஸ்திரிப் பெட்டியைப் போன்றது. மின்சாரம் ஒரு கணம் நின்று வந்தாலும் அது பாட்டுக்கு ஒளிர்ந்துகொண்டிருக்கும். எல்.இ.டி.க்கு அந்தப் பொறுமை கிடையாது. மின்சாரம் நின்ற கணத்தில் அணையும், வந்த கணத்தில் எரியும். பல வருடங்களாக ஒயரிங்கில் ஒளிந்திருந்த கோளாறை அது வெளியே காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

1. முதலில் எப்போது துடிக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்

எதையும் கழற்றாதீர்கள். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு இருட்டில் வண்டியை ஒரு சுவருக்கு எதிரே நிறுத்துங்கள். சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தால் சிறு துடிப்பும் தெரியும், கண்ணும் கூசாது. கீழே உள்ள கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

- இன்ஜின் ஓடாமல், சாவி மட்டும் போட்டிருக்கும்போது துடிக்கிறதா?
- ஐட்லிங்கில் துடித்து, ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் சீராகிறதா?
- மேடு பள்ளத்தில் மட்டும் வருகிறதா?
- கைப்பிடியை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பும்போது வருகிறதா?
- பத்து, பதினைந்து நிமிடம் நன்றாக எரிந்த பிறகு தொடங்குகிறதா?
- பிரேக் பிடித்தாலோ, ஹாரன் அடித்தாலோ, இண்டிகேட்டர் போட்டாலோ ஹெட்லைட்டும் சேர்ந்து மங்குகிறதா?

ஐட்லிங்கில் மட்டும் துடித்தால் சந்தேகம் ஏசி (திசை மாறி மாறி அலையாக வரும்) மின்சாரத்தின் மீதோ சார்ஜிங் மீதோ விழும். மேடு பள்ளமும் கைப்பிடியும் என்றால் ஒயர், கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்), எர்த் (மைனஸ் ஒயர் வண்டியின் சட்டத்தில் சேரும் இணைப்பு). சூடான பிறகு என்றால் பல்பு. ஹாரன் அடித்தால் மங்கினால் எர்த் அல்லது பலவீனமான பேட்டரி. இந்த ஒரு தாள் கையில் இருந்தால் கீழே உள்ள படிகளில் பாதியைத் தாண்டிவிடலாம்.

ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தும்போது விளக்கு ஒரு கணம் அணைவதைக் கோளாறாகக் கருத வேண்டாம். ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியின் அழுத்தம் 10 வோல்ட் வரை இறங்குவது இயல்பு. பல வண்டிகளில் அந்த நேரத்தில் ஹெட்லைட்டை வேண்டுமென்றே துண்டிக்கவும் செய்கிறார்கள்.

செல்போன் கேமராவை நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள். வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும் துடிப்பு பல நேரங்களில் கோளாறே அல்ல. டெயில்லைட்டும் பிரேக்லைட்டும் ஒரே எல்.இ.டி.யாக இருக்கும் விளக்குகளில், மங்கலாக எரிய வைப்பதற்காகவே மின்சாரத்தை அதிவேகமாக விட்டுவிட்டுக் கொடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாமல் கேமராவுக்கு மட்டும் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

2. காகிதங்களும் கருவிகளும்

கருவிகளைவிடக் காகிதங்கள் முக்கியம் என்பது என் கருத்து. முதலாவது, உங்கள் மாடலுக்கும் தயாரிப்பு ஆண்டுக்கும் உரிய ஒயரிங் வரைபடம். இது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். வண்டியுடன் வரும் சிறு கையேட்டில் பெரும்பாலும் இருக்காது. ஒரே பெயரில் வரும் வண்டியில்கூட ஆண்டுக்கு ஆண்டு ஒயர் நிறம் மாறும் என்பதால் ‘கிட்டத்தட்ட அதே’ வரைபடம் போதாது. இரண்டாவது, பல்பு வாங்கிய ரசீது. மூன்றாவது, வண்டியின் வாரண்டிப் புத்தகம்.

வண்டி வாரண்டியில் இருந்து, துடிப்பது கம்பெனியே பொருத்திய எல்.இ.டி. ஹெட்லைட்டாக இருந்தால் நீங்கள் எதையும் கழற்றக் கூடாது. நேரே 11ஆவது படிக்குப் போய்விடுங்கள். ஒயரை ஒரு இடத்தில் வெட்டினாலும், பின்னாளில் வேறொரு மின்கோளாறுக்கு வாரண்டி கேட்கும்போது அதையே காரணமாகக் காட்டி மறுக்க வாய்ப்பு உண்டு.

ஹாலஜனுக்காகச் செய்த ஹெட்லைட்டில் எல்.இ.டி. பல்பு மாட்டுவது பல நாடுகளில் சாலை விதிகளுக்கு முரணானது. விளக்கின் கண்ணாடியில் பொறித்திருக்கும் அங்கீகாரக் குறி அந்த வகைப் பல்புக்கு மட்டுமே பொருந்தும். தகுதிச் சோதனையும் காப்பீடும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால், துடிப்பைச் சரிசெய்யக் காசு செலவழிப்பதற்கு முன்பே இதை விசாரித்துக்கொள்ளுங்கள். மாட்டவே கூடாது என்றால் மொத்தத் தொல்லையும் அங்கேயே முடிந்துவிடும்.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒரு நல்ல எல்.இ.டி. பல்பைவிட மலிவு. அதோடு இரு முனையிலும் முதலைக் கிளிப் வைத்த நீளமான ஒயர் இரண்டு (ஒன்றில் 5 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும்), பொடி உப்புத்தாள், மின் இணைப்புகளுக்கான கிளீனர் ஸ்பிரே. கழற்றிய பழைய ஹாலஜன் பல்பைத் தூக்கிப் போடாதீர்கள். சோதனைக்கும் அதுதான், நடுவழியில் கைகொடுப்பதும் அதுதான்.

3. பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்துப் பாருங்கள்

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். பல்பை அதன் கப்ளரிலிருந்து கழற்றுங்கள். ஃபியூஸ் உள்ள ஒயரால் பேட்டரியின் பிளஸ்ஸை பல்பின் பிளஸ்ஸுடனும், மற்ற ஒயரால் மைனஸை மைனஸுடனும் இணையுங்கள். வரிசை தெரியாவிட்டால் பல்பின் பெட்டியிலோ தாளிலோ போட்டிருக்கும், பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இன்ஜின் ஓடாத நிலையிலேயே துடித்தால், பல்பு அல்லது அதன் டிரைவர் (எல்.இ.டி.க்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பாகம்) கெட்டிருக்கிறது. ரசீதை எடுத்துக்கொண்டு மாற்றக் கிளம்பலாம். இன்ஜின் ஓடாமல் இருக்கும்போதும் ஓடும்போதும் சீராக எரிந்தால் பல்பு நல்ல பல்பு, கோளாறு வண்டியின் ஒயரிங்கிலோ விளக்குக்கு வரும் மின்சாரத்திலோ. இன்ஜின் ஓடும்போது மட்டும் துடித்தால் சார்ஜிங் பக்கம் போக வேண்டும். பத்து நிமிட வேலை, செலவு இல்லை.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியின் ஒயரைக் கழற்றிப் ‘பேட்டரி இல்லாமல் ஓடுகிறதா’ என்று சோதிக்கும் பழைய பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது. பேட்டரி விலகியதும் மின்னழுத்தம் எகிறும். எல்.இ.டி. மட்டுமல்ல, வண்டியின் கணினியான இ.சி.யு.வும் அதில் போகலாம்.

4. ஹெட்லைட்டுக்கு வருவது ஏசியா, டிசியா?

சிறிய வண்டிகள் பலவற்றில், குறிப்பாகப் பழைய மாடல்களில், ஹெட்லைட்டுக்குப் பேட்டரியிலிருந்து ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரம் வருவதில்லை. இன்ஜின் சுழற்சியில் மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் காயிலிலிருந்து நேராக ஏசியாக வருகிறது. இன்ஜின் ஒரு முறை சுற்றினால் காயில் நான்கு அலைகளைத் தருவதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 1500 சுற்று ஐட்லிங்கில் நொடிக்கு 100 அலைகள். எல்.இ.டி. அந்த அலையோடு அலையாக எரிந்து அணையும். மலிவான பல்பு அலையின் ஒரு பாதியில் மட்டுமே எரியும். வேகம் கூடக் கூட அலைகள் நெருங்கி, கண்ணுக்குச் சீராகிவிடும். ‘ஐட்லிங்கில் மட்டும் துடிக்கிறது’ என்று எழுதியிருந்தால் இங்கேதான் தேட வேண்டும்.

இன்ஜின் ஓடாதபோது ஹெட்லைட் எரியவில்லை என்பதை மட்டும் வைத்து ஏசி என்று முடிவு கட்டாதீர்கள். இன்ஜின் ஓடினால்தான் எரிய வேண்டும் என்று ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சு) வைத்த டிசி வண்டிகளும் உண்டு. மீட்டரால்தான் பார்க்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட் கப்ளரில் முதலில் டிசி வோல்ட், பிறகு ஏசி வோல்ட் வைத்துப் பாருங்கள். டிசியில் 13, 14 என்று நிலையாக நின்றால் டிசி. டிசியில் பூஜ்யத்தை ஒட்டித் தடுமாறி, ஏசியில் ஒழுங்கான எண் வந்தால் ஏசி.

இதில் மீட்டரே ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. மலிவான மீட்டர்கள் சிலவற்றில் ஏசி நிலையில் டிசியைத் தொட்டால் 25, 30 என்று ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். சிவப்பு, கறுப்பு முனைகளை இடம் மாற்றித் தொடுங்கள். ஒரு பக்கம் எண்ணும் மறுபக்கம் பூஜ்யமும் வந்தால் அது ஏசி அல்ல, டிசிதான்.

ஏசி என்று உறுதியானால் மூன்று வழிகள். ஏசி, டிசி இரண்டிலும் இயங்கும் என்று குறிப்பிட்டு விற்கும் பல்பை வாங்குவது முதல் வழி. எளிது, ஒயரில் கை வைக்க வேண்டாம். ஆனால் எல்லாப் பல்பும் அட்டையில் சொன்னபடி நடப்பதில்லை, அதனால் திருப்பிக் கொடுக்க முடியும் இடத்தில் வாங்குங்கள். இரண்டாவது வழி, விளக்குச் சுவிட்சுக்கு வரும் ஏசி ஒயரை விலக்கிவிட்டு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாக டிசி கொடுப்பது. ரிலேயை இயக்கும் ஒயரை சாவியின் டிசி வழியில் எடுக்க வேண்டும். பழைய ஏசி ஒயரிலிருந்தே எடுத்தால் ரிலே கடகடவென்று அடித்துக்கொள்ளும், விளக்கும் கூடவே துடிக்கும். மூன்றாவது வழி, காயிலின் எர்த்தைப் பிரித்து, முழு அலையையும் பயன்படுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கி, வோல்ட் மிகாமல் காப்பது) பொருத்துவது. இன்ஜினின் பக்க மூடியைத் திறக்க வேண்டியிருக்கும், கேஸ்கெட்டும் மாற்ற வேண்டிவரலாம். ஒரு நாள் வேலை. அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

இரண்டாவது வழியில் இறங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். இத்தகைய வண்டிகளில் பேட்டரியை சார்ஜ் செய்ய ஒதுக்கியிருக்கும் மின்சாரம் கொஞ்சம்தான். 20 வாட் எல்.இ.டி. பேட்டரியிலிருந்து சுமார் ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். நெரிசலில் ஊர்ந்துகொண்டே போகும் வண்டியில் சில நாட்களில் பேட்டரி காலியாகிவிடலாம். மாற்றிய பிறகு, ஹெட்லைட் எரியும்போது ஐட்லிங்கில் பேட்டரி முனையில் 12.8 வோல்ட்டுக்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். போனால் வண்டி சார்ஜ் ஆகவில்லை, பேட்டரியைத்தான் தின்கிறது என்று பொருள்.

5. பேட்டரியும் சார்ஜிங்கும்

வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு அளக்க வேண்டும். ஈய-அமில பேட்டரி என்றால் 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் நல்லது. 12.2க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் செய்துவிட்டுத்தான் மற்ற சோதனைகள். பலவீனமான பேட்டரியோடு செய்யும் சோதனை எதற்கும் அர்த்தமில்லை.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு 3000 முதல் 5000 சுற்று வரை கொண்டுபோய் அளந்தால் பொதுவாக 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். உங்கள் மாடலுக்குரிய சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். 13க்குக் கீழேயே நின்றால் காயிலோ ரெகுலேட்டரோ வேலை செய்யவில்லை. 15ஐத் தாண்டினால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். ரெகுலேட்டர் போய்விட்டது, அடுத்து எல்.இ.டி.யின் டிரைவர் போகும், பேட்டரி கொதிக்கும்.

மீட்டரை ஏசி நிலைக்கு மாற்றி, இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளையே தொட்டுப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் ஏசி தெரிந்தால் ரெக்டிஃபையரில் டையோடு ஒன்று பழுதாகியிருக்கலாம், அல்லது பேட்டரி அலைகளை விழுங்கும் சக்தியை இழந்திருக்கலாம். மேலே சொன்ன மலிவு மீட்டரில் இந்தச் சோதனை பலிக்காது.

ஐட்லிங் வேகமே மேனுவலில் சொன்னதைவிடக் குறைவாக வைக்கப்பட்டிருந்தாலும் விளக்கு துடிக்கும். ரெகுலேட்டரை மாற்றுவதற்கு முன் அதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்.

6. எர்த்

துடிக்கும் விளக்குகளில் நான் முதலில் சந்தேகிப்பது எர்த்தைத்தான். மைனஸ் ஒயர் வண்டியின் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தில் தண்ணீர் பட்டுத் துரு ஏறும், செம்பு முனையில் களிம்பு பிடிக்கும். சட்டத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் பெயின்ட்டின் மேலேயே போல்ட்டை இறுக்கியிருப்பார்கள். வெளியே பார்க்க இறுக்கமாக, சுத்தமாக இருக்கும். மின்சாரம் மட்டும் போகாது.

ஓம் நிலையில் மீட்டர் வைத்து ‘பூஜ்யம் காட்டுகிறது, எர்த் நன்றாக இருக்கிறது’ என்று சொல்வது இந்த வேலையில் மிகப் பரவலான தவறு. பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரும் பூஜ்யம்தான் காட்டும். மீட்டர் அனுப்பும் மின்சாரம் அவ்வளவு சிறியது. சுமை ஓடும்போதுதான் ஒயரின் யோக்கியதை தெரியும்.

எனவே விளக்கு எரியும்போது வோல்ட்டை அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும், மறுமுனையைக் கப்ளரின் பின்புறம் வழியாகப் பல்பின் மைனஸ் முனையிலும் தொடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 0.2ஐத் தாண்டினால் எர்த்தைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். இதேபோல பேட்டரி பிளஸ்ஸுக்கும் பல்பின் பிளஸ்ஸுக்கும் இடையே பாருங்கள். சாவி, சுவிட்சு, ஃபியூஸ் எல்லாவற்றையும் கடந்து வருவதால் இங்கே அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். பழைய ஹாலஜன் பல்பை மாட்டிக்கொண்டு அளந்தால் இன்னும் நல்லது. அது எல்.இ.டி.யைவிட அதிக மின்சாரம் இழுப்பதால் மறைந்திருக்கும் கோளாறும் எண்ணில் பெரிதாகத் தெரியும்.

அளக்கப் பொறுமை இல்லையா? பேட்டரி மைனஸிலிருந்து கிளிப் ஒயரை எடுத்துப் பல்பின் மைனஸில் கூடுதலாகச் சேர்த்துப் பிடியுங்கள். துடிப்பு நின்றுவிட்டால் வேறு சாட்சி தேவையில்லை.

சுத்தம் செய்யும்போது போல்ட்டைக் கழற்றி, ஒயரின் வளையத்தையும் சட்டத்தில் அது உட்காரும் இடத்தையும் உலோகம் பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேயுங்கள். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் தண்ணீர் உள்ளே போகாது. கைப்பிடியிலோ ஃபோர்க்கிலோ பொருத்திய கூடுதல் விளக்குகளுக்கும் இண்டிகேட்டர்களுக்கும் அந்த உலோகத்தையே எர்த்தாக விட்டிருந்தால், மின்சாரம், கைப்பிடி திரும்பும் இடத்தில் கிரீஸ் நிறைந்த கழுத்து பேரிங் வழியாகப் பின்பக்கம் போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு குலுக்கலிலும் துடிக்கும். அவற்றுக்குத் தனி மைனஸ் ஒயர் இழுத்து பேட்டரியில் சேர்த்துவிடுங்கள்.

7. ஒயர், கப்ளர், சுவிட்சு

இன்ஜினை நிறுத்திவிட்டு விளக்கை மட்டும் எரியவிட்டு, ஒவ்வொரு ஒயராக விரலால் அசைத்துக்கொண்டே வாருங்கள். ஒரே நேரத்தில் கட்டாகப் பிடித்து ஆட்டினால் எது என்று தெரியாது. இன்ஜின் ஓடாமல் விளக்கு எரியாத வண்டி என்றால் ஐட்லிங்கில் விட்டு, சூடான சைலன்சரில் கை படாமல் செய்யுங்கள். உதவிக்கு ஒருவர் இருந்து சுவரைப் பார்த்துச் சொன்னால் வேலை பாதி நேரத்தில் முடியும்.

அதிகம் கெடும் இடம் கழுத்து. கைப்பிடி திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒயர்கள் அங்கே மடங்கி நிமிர்கின்றன. பல வருடங்களில் உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும், மேலே உறை முழுசாக இருக்கும். சந்தேகமான ஒயரை இரு கைகளாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல ஒயர் நீளாது. உள்ளே அறுந்த இடத்தில் உறை மட்டும் ரப்பர் மாதிரி நீண்டு மெலியும். என் வண்டியில் கிடைத்தது அப்படித்தான். மற்ற ஒயர்களெல்லாம் விறைப்பாக நிற்க, ஒன்று மட்டும் இழுத்த இழுப்புக்கு நீண்டுகொடுத்தது.

கப்ளரில் மூன்று விஷயங்கள் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருக்கிறதா? முனையில் பச்சைக் களிம்பு இருக்கிறதா? ஒவ்வொரு ஒயரையும் லேசாகப் பின்னால் இழுத்தால் முனை கழன்று வருகிறதா? எச்4 வகை ஹெட்லைட் பல்பின் மூன்று தகடுகளைப் பிடிக்கும் முனைகள் சூட்டில் தளர்ந்துபோகும். புது முனை போட்டு மாற்றுவதே சரி. ஊக்கால் நெம்பி இறுக்கினால் கொஞ்ச நாளில் மறுபடி தளரும். டெயில்லைட்டிலும் வண்டியின் மீட்டர் விளக்கிலும் போடும் சின்னஞ்சிறு எல்.இ.டி.களில், அடியில் மடித்துவிட்ட மெல்லிய கம்பிக் கால்கள் ஹோல்டரை முழுதாகத் தொடாமல் இருக்கும். கழற்றிக் கால்களைச் சற்று வெளியே விரித்துவிட்டு மாட்டினால் போதும்.

டிம், பிரைட் சுவிட்சை நடுவில் மெதுவாக நகர்த்தும்போது துடித்தால் உள்ளே கிளீனர் அடித்துப் பலமுறை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஃபியூஸையும் கழற்றி அதன் கால்களையும் பிடியையும் பாருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அளவுக்கு மீறிய ஃபியூஸ் போடாதீர்கள்.

புது ஒயர் சேர்க்கும்போது முறுக்கி டேப் சுற்றும் வேலை வேண்டாம். வெயிலில் டேப்பின் பசை உருகி வழியும், முறுக்கு தளரும். ஒயரை வெட்டாமல் கடித்துப் பிடிக்கும் கிளிப்புகளும் அப்படித்தான், இழைகளை வெட்டி ஈரத்தையும் உள்ளே விடும். நல்ல கிரிம்பர் கொண்டு முனை அழுத்தி, சூட்டில் சுருங்கும் குழாய் மாட்டுங்கள். சாலிடர் வைப்பதானால் மடங்கும் இடத்தில் வைக்காதீர்கள். சாலிடர் ஏறிய ஒயர் கம்பிபோல் விறைத்து, அதன் ஓரத்திலேயே ஒடியும்.

8. பல்பும் அதன் சூடும்

பத்து நிமிடம் கழித்துத் துடிக்கும் பல்பு பெரும்பாலும் சூட்டால் அவதிப்படுகிறது. எல்.இ.டி.யின் முன்பக்கம் குளிர்ச்சி, பின்பக்கம்தான் சூடு. பின்னால் இருக்கும் விசிறி நின்றிருந்தாலோ, ஹெட்லைட்டின் ரப்பர் மூடி அதை முழுக்கப் போர்த்தியிருந்தாலோ, டிரைவர் தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைக்கும் அல்லது விளக்கை அணைத்து அணைத்து எரியவிடும். மூடியைக் கழற்றிவிட்டு அரை மணி ஓடவிட்டுப் பாருங்கள். துடிக்கவில்லையென்றால் காரணம் சூடுதான். ஆனால் மூடி இல்லாமலேயே வண்டி ஓட்டாதீர்கள், ஹெட்லைட்டுக்குள் தண்ணீரும் தூசியும் சேரும். உடல் சிறிய, வாட் குறைந்த பல்புக்கு மாறுவதே நல்லது.

கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சிறிது சேமித்துவைத்துக் கொடுக்கும் பாகம்) போட்டால் துடிப்பு நிற்கும் என்று சொல்வார்கள். டிசியில் சிற்றலை இருந்தால் நிற்கும்தான். ஆனால் லூஸ் கனெக்‌ஷனுக்கு மேல் கெபாசிட்டர் போடுவது வலிக்கு மாத்திரை விழுங்கிவிட்டு எலும்பு முறிவை மறப்பதில் போய் முடியும். போட்டே ஆக வேண்டுமென்றால் குறைந்தது 25 வோல்ட் தாங்குவதாகவும், பிளஸ் மைனஸ் மாறாமலும் இருக்கட்டும். ஏசி ஒயரில் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரை ஒருபோதும் போடாதீர்கள், வெடிக்கும்.

9. இண்டிகேட்டர் வேகமாக அடித்தால்

இது கோளாறே அல்ல. 21 வாட் பல்பு இரண்டு எரிந்த இடத்தில் சில வாட் எல்.இ.டி. எரிவதால், ‘ஒரு பல்பு போய்விட்டது’ என்று ஃபிளாஷர் நினைத்து வேகமாக அடிக்கிறது. எல்.இ.டி.க்கான ஃபிளாஷர் ரிலே வாங்கிப் போட்டால் முடிந்தது. மூன்று கால் உள்ளதென்றால் பேட்டரி, விளக்கு, எர்த் கால்களின் வரிசை பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி வரிசை மாறும்.

பழைய பல்பின் அளவுக்கு மின்சாரம் இழுக்க வைக்கும் ரெசிஸ்டர் போடும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். 10 ஓம் ரெசிஸ்டர் எரியும் நேரமெல்லாம் ஏறக்குறைய 19 வாட்டைச் சூடாகவே வெளியேற்றும். எல்.இ.டி. போட்டு மிச்சம் பிடித்ததை அங்கே எரிப்பதில் என்ன லாபம்? வேறு வழியில்லாமல் போட்டால் உலோகத்தில் பொருத்துங்கள், பிளாஸ்டிக்கையோ ஒயர் கட்டையோ தொட விடாதீர்கள்.

எல்.இ.டி. போட்டதும் நான்கு இண்டிகேட்டர்களும் ஒன்றாக எரிந்தால், உங்கள் வண்டியின் மீட்டரில் இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பு விளக்கு இருக்கிறது என்று பொருள். அது இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவே இணைக்கப்பட்டிருப்பதால், மின்சாரம் அதன் வழியே மறுபக்கத்துக்கும் கசிகிறது. இரண்டு ஒயர்களிலும் ஒவ்வொரு டையோடு (1என்4007 போதும்) வைத்து ஒன்றுசேர்த்து அந்த விளக்குக்குக் கொடுத்து, விளக்கின் மறுமுனையை எர்த்தில் சேர்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் அடிப்பதை எண்ணிப் பாருங்கள். பல நாடுகளில் நிமிடத்துக்கு 60 முதல் 120 வரைதான் அனுமதி.

10. விளக்கைக் கணினி கண்காணிக்கும் வண்டிகள்

விலை உயர்ந்த வண்டிகள் சிலவற்றில் பல்பு நன்றாக இருக்கிறதா என்று அறிய, வண்டியின் கணினி சிறு மின்துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஹாலஜனுக்கு அது உறைக்காது. எல்.இ.டி. மினுக்கும், சில நேரம் வண்டியின் மீட்டரில் எச்சரிக்கையும் வரும். ‘கேன் பஸ்’ (வண்டிக் கணினியின் தகவல் வழி) பொருத்தம் என்று குறிப்பிட்ட பல்பு, அல்லது அந்த மின்துடிப்பைச் சமாளிக்க இடையில் மாட்டும் டீகோடர் வேண்டும். இவற்றின் ஒயரை ஊசியால் குத்திச் சோதிப்பது, நடுவில் வெட்டி ரிலே சேர்ப்பது இரண்டும் வேண்டாம்.

11. கடையில் கொடுப்பதானால்

விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு ஒரு குணம் உண்டு, மெக்கானிக் எதிரே அது வராது. “நன்றாகத்தானே எரிகிறது” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் துடிப்பைச் சுவரில் காட்டி வீடியோ எடுங்கள், அதே வீடியோவில் வண்டியின் மீட்டரில் சுற்றெண்ணும் கிலோமீட்டரும் தெரியட்டும். முதல் படியில் எழுதிய தாளின் நகலையும் கொடுங்கள். ஜாப் கார்டில் ‘விளக்குக் கோளாறு’ என்று மொட்டையாக எழுதவிடாமல், எப்போது துடிக்கிறது என்பதை அப்படியே எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். வாரண்டி முடிவதற்குள் கோளாறு பதிவாகியிருப்பது பின்னாளில் மிக முக்கியம்.

கட்டணம் பற்றி முன்கூட்டியே கேளுங்கள். ஒயரிங் வேலையில் உதிரிப்பாகத்துக்கு ஆகும் காசு சொற்பம், தேடும் நேரத்துக்குத்தான் கூலி. மணிக்கணக்கா, மொத்தமா என்று பேசிக்கொண்டு, தொகை எல்லையைத் தாண்டினால் கேட்டுவிட்டே தொடர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். 1 முதல் 6 வரையிலான படிகளை நீங்களே முடித்திருந்தால் தேடும் நேரத்தில் பெரும்பகுதி மிச்சம். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டி கைக்கு வந்ததும் ஹெட்லைட்டின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்காத உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மோசமான சாலை ஒன்றில் இருட்டிய பிறகு அரை மணி ஓட்டுங்கள். திரும்பியதும் சாவியை எடுத்துவிட்டு, ஹெட்லைட் கப்ளரையும் ஃபியூஸ் பிடியையும் ரிலே கால்களையும் விரலால் தொடுங்கள். எல்.இ.டி. இழுக்கும் சொற்ப மின்சாரத்துக்கு இவை எதுவும் சூடாகக் கூடாது. ஏதாவது ஒன்று சுட்டால், இன்று துடிக்காவிட்டாலும் அதன் முனையை மாற்றிவிடுங்கள்.